சின்னத்திரைப் படங்களும் சொல்லாமல் விட்ட அபிப்பிராயங்களும்

இந்த வானொலித் தொடரில் கவிதை, சிறுகதை, நாவல், நாட்டுக்கூத்து என்று பலரும் பேசிவிட்டார்கள். என் முறை வந்தபோது, தொலைக்காட்சிக்கென்றே எடுக்கப்பட்ட படங்களைப் பற்றிப் பேசட்டுமா என்று கேட்டேன். "அது இலக்கியத்துக்குள்ள வருமா, சேர்?" என்று திருப்பிக் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். வரும் என்று நான் நம்புவதற்குக் காரணம் உண்டு. தமிழில் நல்ல சிறுகதைகள் பல திரைக்கு வந்த வழி பெரிய திரையரங்கு அல்ல. வீட்டு மூலையில் இருந்த சின்னப் பெட்டிதான். அதைவிட முக்கியமான காரணம் இன்னொன்று. வன்னியில் வளர்ந்த எங்கள் தலைமுறை இந்தப் படங்களைப் பார்த்தது. ஆனால் பார்த்ததைப் பற்றி வாய் திறந்து அபிப்பிராயம் சொன்னதில்லை. "படம் எப்படி?" என்று கேட்டால் "நல்ல படம்" என்போம். அதற்கு மேல் போகமாட்டோம். ஏன் போகவில்லை என்பதும் ஒரு வரலாறுதான்.

நான் விமர்சகன் அல்லன். இந்துக் கல்லூரி ஒன்றில் தமிழ் படிப்பிக்கிறவன். ஒரு பார்வையாளன் என்ற அளவிலேயே பேசுகிறேன்.

தொலைக்காட்சிக்கென்று முழுநீளப் படம் எடுக்கும் வழக்கம் அமெரிக்காவில் 1964இல் தொடங்கியதாகச் சொல்வார்கள். திரையரங்குகளில் ஓடி முடிந்த படங்களை விலை கொடுத்து வாங்கிப் போட்டுக்கொண்டிருந்த நிலையங்கள், குறைந்த செலவில் தாமே எடுத்துக்கொள்ளலாம் என்று கண்டன. மலிவுச் சரக்கு என்றுதான் அவற்றுக்குப் பேர். ஆனால், 1971இல் ஸ்டீவன் ஸ்பீல்பேர்க் என்ற இளைஞர் ஒரு காரையும் ஒரு லொறியையும் வைத்து எடுத்த 'டூயல்' அப்படியொரு தொலைக்காட்சிப் படந்தான். அது பின்னர் ஐரோப்பாவில் திரையரங்குகளுக்கே போனது. அதற்கு முன்னரே, 1966இல், பி.பி.சி. 'கதி கம் ஹோம்' என்ற படத்தை ஒளிபரப்பியது. கென் லோச் இயக்கியது. குடியிருந்த வீட்டை இழந்து, ஒவ்வோரிடமாக ஒதுங்கி ஒதுங்கி, கடைசியில் பிள்ளைகளையும் பறிகொடுக்கிற ஒரு தாயின் கதை. ஏறத்தாழ 1 கோடி 20 இலட்சம் பேர் அதைப் பார்த்தார்கள். வீடற்றவர்களின் பிரச்சினையை நாடே பேசியது. அந்தப் படம் என் கைக்கு மிகவும் பிந்தித்தான் கிடைத்தது. இடம்பெயர்வு என்ற சொல்லுக்கு இங்கிலாந்திலும் பொருள் உண்டு என்பது அப்போதுதான் உறைத்தது.

போலந்தில் எண்பதுகளின் இறுதியில் கீஸ்லோவ்ஸ்கி தொலைக்காட்சிக்காக எடுத்த பத்துப் படங்களும் ஒரு தொடர்மாடிக் குடியிருப்பைச் சுற்றியே நடப்பவை. இப்படிப்பட்ட படங்களில் நான் கண்ட பொதுக்குணம் ஒன்று. இடம் சிறியது, ஆட்கள் குறைவு, முகம் கிட்டத்தில் வரும். பெட்டி சின்னது, அதற்குள் யானைப்படை அடங்காது. ஒரு கிழவனின் சாப்பாட்டுக் கோப்பை அடங்கும்.

இலங்கைக்குத் தொலைக்காட்சி வந்தது 1979இல், சித்திரை வருடப் பிறப்பை ஒட்டி. அந்தச் சுயாதீனத் தொலைக்காட்சி கொழும்பையும் அதன் சுற்றுப்புறத்தையும் தாண்டவில்லை. சிங்களத்தின் முதலாவது தொலைக்காட்சி நாடகம் எனப்படும் 'டிமுது முத்து'வை டி. பி. நிஹால்சிங்க அந்த ஆண்டிலேயே எடுத்தார். எங்களுக்கு அது செய்தி மட்டுமே. 1982 பெப்ரவரி 15இல் ஜப்பானிய உதவியுடன் ரூபவாஹினி தொடங்கியது. அதை வடக்குக்குக் கொண்டுவர, வன்னியின் நட்டநடுவே, ஏ-9 வீதியில் மாங்குளத்துக்கும் முறிகண்டிக்கும் இடையில், கொக்காவிலில் ஒரு மறு ஒளிபரப்புக் கோபுரம் எழுந்தது. காட்டுக்கு மேலே அது தலை நீட்டிக்கொண்டு நின்றதைச் சிறுவயதில் பஸ்ஸின் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் கிராமத்தில் மின்சாரம் இல்லை. பெரியப்பா வீட்டில் மட்டும் கார் பற்றரியில் ஓடுகிற கறுப்பு வெள்ளைப் பெட்டி ஒன்று இருந்தது. பற்றரியைச் சைக்கிள் கரியரில் கட்டிக் கிளிநொச்சிக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வரவேண்டும். ஏற்றின மின்சாரம் எத்தனை இரவுக்குக் காணும் என்று கணக்குப் பார்த்துத்தான் பெட்டியைப் போடுவார்கள். எண்பதுகளின் பிற்பகுதியில் கொடைக்கானல் மலையிலிருந்து தூரதர்ஷன் வரத் தொடங்கிய பிறகு, கமுகமரத்தையும் இரும்புக் குழாயையும் கூட்டிக் கட்டி, உச்சியில் மீன்முள்ளு அன்ரனாவை ஏற்றினார்கள். ஒருவர் வெளியே நின்று கம்பத்தைத் திருப்ப, உள்ளேயிருந்து "விடு, விடு, அங்கதான்!" என்று நாலுபேர் கத்துவார்கள். மன்னார்க் கரையில் உள்ளவர்களுக்குப் படம் தெளிவாக விழுமாம். எங்களுக்குக் காற்றைப் பொறுத்தது. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்', ஞாயிற்றுக்கிழமை காலையில் ராமாயணம், பிறகு மகாபாரதம். மற்ற நேரமெல்லாம் டில்லியின் ஹிந்தி. ஹிந்தியென்றும் பாராமல் பார்த்தோம்.

பேராசிரியர் கா. சிவத்தம்பி தமிழ்ச் சினிமா பற்றி 1981இல் எழுதிய ஆங்கில நூலில் ஓர் அவதானிப்பு உண்டு. தமிழர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதலாவது கலையரங்கு சினிமாக் கொட்டகைதான். அங்கே இருக்கையைத் தீர்மானித்தது பிறப்பு அல்ல, கையிலிருந்த காசு என்பது அதன் சாரம். பட்டதாரி வகுப்பில் இதைப் படித்தபோது எனக்குப் பெரியப்பாவின் முற்றம் ஞாபகத்துக்கு வந்தது. தொலைக்காட்சி சினிமாவை வீட்டுக்குள் கொண்டுவந்தது என்கிறோம். வீட்டுக்குள் வந்தபோது வீட்டின் ஒழுங்கும் கூடவே வந்துவிட்டது. கதிரைகள் பெரியப்பாவுக்கும் வந்த விருந்தாளிகளுக்கும். பாய் இனசனத்துக்கு. மணல் எங்களைப் போன்ற பொடியளுக்கு. வேலிக்கு அப்பால், கிடுகுக்கு மேலால் தலை தெரிய, பெரியப்பாவின் வயலில் வேலை செய்த குடும்பங்கள் நின்றன. மலையகத்திலிருந்து வந்தவர்கள். 1977ஆம் ஆண்டுக் கலவரத்தோடு தோட்டங்களை விட்டு ஓடிவந்து வன்னியில் காடு வெட்டிக் குடியேறியவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். 1983க்குப் பிறகும் வந்தார்கள். அவர்களை நில் என்று யாரும் சொன்னதில்லை. உள்ளே வா என்றும் சொன்னதில்லை.

1988இன் தொடக்கத்தில் தூரதர்ஷன் 'தமஸ்' என்ற படத்தைப் பகுதி பகுதியாக ஒளிபரப்பியது. பீஷ்ம சாஹ்னியின் நாவல். கோவிந்த் நிஹலானி இயக்கியது. 1947 பிரிவினைக் காலத்து வடமேற்கு இந்தியாவின் கலவரக் கதை. தோல் பதனிடும் தொழிலாளி ஒருவனைக் கொண்டு ஒரு பன்றியைக் கொல்விக்கிறார்கள், அது பள்ளிவாசல் படியில் கிடக்கிறது, ஊர் எரிகிறது. தன் கையால் செய்தது எதற்கென்று தெரியாமல் செய்தவன் அவன். ஓம் பூரி நடித்திருந்தார். ஒளிபரப்பைத் தடுக்கக் கோரிய வழக்கு இந்திய உச்ச நீதிமன்றம் வரைக்கும் போக, நீதிமன்றம் அனுமதி வழங்கியது. இதெல்லாம் நான் பின்னால் படித்தவை. அன்றைக்கு எனக்கு எட்டு வயது. இந்தியப் படை இங்கே நின்ற காலம். இருட்டினால் வீதியில் நடமாட்டம் இல்லை. பின்வளவுகளால் புகுந்து வந்துதான் பார்த்தார்கள். ஒருவருக்கும் ஒரு சொல்லும் விளங்கவில்லை. மூட்டைகளோடும் பிள்ளைகளோடும் சனம் இருட்டில் போகிற ஒரு கட்டம் வந்தது. வேலிக்கு அப்பாலிருந்து ஒரு குரல் சத்தமாகவே சொன்னது: "எங்களையும் இப்புடித்தான் வெரட்டுனாங்க."

முற்றத்தில் இருந்த தலைகளெல்லாம் திரும்பின. பெரியப்பாவும் திரும்பிப் பார்த்தார். பிறகு எழும்பிப் போய்ப் பெட்டியின் சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

அந்த ஹிந்திச் சத்தத்தை எங்களில் யார் விளங்கிக்கொள்ளப் போகிறோம்? ஆனாலும் கூட்டினார். ஒரு படத்தைப் பற்றி நான் கேட்ட முதலாவது நேர்மையான அபிப்பிராயம் வேலிக்கு வெளியே இருந்து வந்தது. அதைக் கேட்கவிடாமல் செய்தது எங்கள் வீடு. சத்யஜித் ராய் 1981இல் தூரதர்ஷனுக்காக எடுத்த 'சத்கதி'யை இருபது ஆண்டுகளுக்கு மேல் சென்று கணினியில் பார்த்தேன். பிரேம்சந்தின் கதை, ஒரு மணித்தியாலங்கூட இல்லை. மகளின் சம்பந்தத்துக்கு நாள் பார்த்துத் தரச்சொல்லிப் பிராமணர் வீட்டுக்குப் போன ஏழைத் தொழிலாளி, அங்கே பசியோடு விறகு கொத்தி, கொத்திய இடத்திலேயே செத்துப்போகிறான். பிணத்தைத் தொடக்கூடாதென்று கயிறு போட்டு இழுக்கிறார் பிராமணர். "வடக்கத்தியான் செய்கிற அநியாயம்" என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை. எங்கள் முற்றத்துக்கும் அந்தக் கயிற்றுக்கும் தூரம் இருக்கிறது என்பதை ஒத்துக்கொள்கிறேன். எவ்வளவு தூரம் என்பதில்தான் தடுமாற்றம்.

1990 ஜூனில் யுத்தம் மீண்டும் வந்தது. ஜூலையில் கொக்காவில் முகாம் விழுந்தது. ரூபவாஹினியின் கோபுரமும் அத்தோடு போயிற்று. மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையில் எரிபொருளுக்கும் பற்றரிக்கும் கட்டுப்பாடு வந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவிலிருந்து வானொலி கேட்ட காலம் அது. ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்கள் நாங்கள். பெரியப்பாவின் பெட்டியை ஒரு சாக்கில் சுற்றி வீட்டு வளைக்குப் பக்கத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். 1996 செப்டெம்பரில் கிளிநொச்சியை விட்டு ஓடும்போது அது அங்கேயே நின்றது.

ஆனால், படங்கள் நின்றுவிடவில்லை. விடுதலைப் புலிகளின் நிதர்சனம் நிறுவனம் வீடியோவில் படங்கள் எடுத்தது. 'ஒளிவீச்சு' என்ற பெயரில் செய்தியும் கலையும் கலந்த கசெற் மாதந்தோறும் வந்தது; அதற்குள் குறும்படங்களும் இருந்தன. பள்ளிக்கூட மைதானத்தில், சந்தியில், கோயில் வீதியில், மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனறேற்றரின் இரைச்சலுக்கு நடுவே, ஒரு மேசைமேல் பெட்டியை வைத்துப் போட்டுக் காட்டுவார்கள். நூறு, இருநூறு சனம். பெரிய திரையரங்குக்கு எடுத்தவை அல்ல அவை, பெட்டிக்கென்றே எடுத்தவை. ஆகவே, எங்கள் தொலைக்காட்சிப் படங்கள் என்று நான் சொல்வது இவற்றைத்தான். ஒளிபரப்ப நிலையம் இல்லாத ஊரின் தொலைக்காட்சிப் படங்கள்.

இவற்றின் நன்மையை முதலில் சொல்லவேண்டும். ஈழத்துத் தமிழ் திரையில் ஒலிப்பது புதிதல்ல. எழுபதுகளில் 'குத்துவிளக்கு', 'பொன்மணி', 'வாடைக்காற்று' என்று திரையரங்குக்கு வந்த படங்கள் உண்டு. ஆனால், வன்னிக் குடிசையின் தாவாரம், குளக்கட்டு, துலாக் கிணறு, மண்ணெண்ணெய் வரிசையில் நிற்கிற கான்கள், இவை படத்துக்குள் வந்ததை நாங்கள் முதலில் பார்த்தது அந்த வீடியோக்களில்தான். நாங்கள் பேசுகிறபடியே ஆட்கள் பேசினார்கள். "போட்டு வாறன்" என்று ஒரு பாத்திரம் சொன்னதற்கு மைதானமே சிரித்தது. கேலிச் சிரிப்பல்ல, சந்தோஷம். இந்தத் துறையில் நெடுங்காலம் உழைத்தவர் ந. கேசவராஜன். 'பிஞ்சுமனம்', 'கடலோரக் காற்று', 'அம்மா நலமா' முதலியவை அவருடையவை. 2021 ஜனவரியில் காலமானார். வசதியே இல்லாத இடத்தில் படம் எடுத்தவர். வசனத்தை மட்டும் நம்பாமல் காட்சியையும் நம்பியவர் என்பது என் எண்ணம்.

இனிக் குறை. இங்கே என் ஆசிரியர் ஒருவரைப் பற்றிச் சொல்லவேண்டும். 1998இல் மல்லாவிப் பக்கம் இடம்பெயர்ந்து, மரத்தடியில் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தோம். முதல்நாள் மைதானத்தில் பார்த்த படத்தைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னார் தமிழ் ஆசிரியர். நான் நாலு பக்கம் எழுதினேன். உணர்ச்சிப் பிழம்பு, உன்னதப் படைப்பு, காலத்தின் கண்ணாடி, எல்லாம் வந்தன. கொப்பி திரும்பி வந்தபோது கடைசியில் சிவப்பு மையில் ஒரு வரி: "நீ படம் பார்த்தனியா?"

பார்த்தேன் சேர் என்றேன். "அப்ப எந்த இடத்திலை நெளிஞ்சனி? எந்த இடத்திலை வீட்டை போவம் எண்டு நினைச்சனி? அதை எழுது" என்றார். நான் எழுதவில்லை. பயம் என்று மட்டும் சொல்லமாட்டேன். பயமும் இருந்தது. ஆனால், அந்தப் படத்தில் நடித்த பொடியன்களில் ஒருவன் அதற்குள் களத்தில் செத்துப்போயிருந்தான். செத்தவன் நடித்த காட்சியில் நான் நெளிந்தேன் என்று எப்படி எழுதுவது? இதுதான் எங்கள் தலைமுறையின் வாயைக் கட்டியது. படத்தைக் குறை சொன்னால் பிள்ளையைக் குறை சொன்னதாகிவிடும்.

இருபத்தைந்து ஆண்டுக்கு மேலாகிவிட்டது; இப்போது எழுதுகிறேன். கடைசிப் பத்து நிமிடம் வந்தாலே நெளிந்தேன். அதுவரை மனிதராகப் பேசிக்கொண்டிருந்தவர்கள் திடீரென்று மேடைக்கு ஏறிவிடுவார்கள். தாய் அழவேண்டிய இடத்தில் அழுவாள், நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்துவாள், பிறகு நெஞ்சு நிமிர்த்தி ஒரு வசனம் சொல்லுவாள். நான் அறிந்த தாய்மார் அப்படி அழவில்லை. அவர்களின் அழுகைக்குத் தொடக்கமும் முடிவும் இல்லை; அரிசி களையும்போதும் அழுதார்கள். மற்றது, படத்தில் யாருக்கும் பயம் இல்லை. எதிரிக்கு முகம் இல்லை. தடுமாறுகிறவன் ஒருவன் வந்தால், படம் முடிவதற்குள் திருந்திவிடுவான். கண்ணீரையும் தடுமாற்றத்தையும் கிட்டத்தில் காட்டுவதற்கென்றே பிறந்த சின்னப் பெட்டியை நாங்கள் ஒலிபெருக்கியாக்கிவிட்டோம்.

தெற்கில் நடந்ததும் வேறொன்றல்ல. யுத்த காலத்து அரச தொலைக்காட்சியில் நாங்கள் மீட்கப்படுகிற சனம். அதற்கு மேல் எங்களுக்குப் பேரும் இல்லை, ஊரும் இல்லை.

2002இல் சமாதானம் வந்து ஏ-9 திறந்தது. தட்டுகள், பிளேயர்கள், பெட்டிகள் எல்லாம் ஓமந்தையால் வந்து குவிந்தன. அப்போதுதான் பாலு மகேந்திராவின் 'கதை நேரம்' எங்களுக்குக் கிடைத்தது. மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்தவர் அவர். சிறுவனாக இருந்தபோது கித்துல்கலவில் டேவிட் லீன் படம் எடுத்ததைப் பார்த்து வந்த ஆசை என்று சொல்லியிருக்கிறார். 2000ஆம் ஆண்டை ஒட்டி சன் தொலைக்காட்சிக்காக 52 சிறுகதைகளை அரைமணிப் படங்களாக எடுத்தார். தமிழ்ச் சிறுகதைக்குச் சினிமா செய்த கைம்மாறு என்று ஒன்று உண்டென்றால், இது அந்த வரிசையில் முன்னுக்கு நிற்கும். எல்லாம் சமதரம் அல்ல. அவசரத்தில் எடுத்தவை தெரிகின்றன. சிலவற்றில் எழுத்தாளனின் வாக்கியம் அப்படியே நடிகரின் வாயில் கட்டையாக நிற்கிறது. ஆனால், மாலனின் 'தப்புக் கணக்கு' போன்றவற்றை மறக்கமுடியவில்லை. ஒரு சிறுமி போட்ட கணக்கைப் பள்ளிக்கூடம் பிழை என்கிறது, தாத்தா கலங்கிப்போகிறார். சிவப்புப் பேனை பிடிக்கிற எவரும் அதைப் பார்க்கவேண்டும். நான் பார்த்த மறுநாள் திருத்திய கொப்பிகளில் கொஞ்சம் கை நடுங்கியது.

அவருடைய 'சந்தியா ராக'த்தை 2003இல் கிளிநொச்சியில் பார்த்தோம். 1989இல் எடுத்த படம். திரையரங்குக்கு வரவில்லை, தூரதர்ஷனில்தான் ஒளிபரப்பானது. இந்திய தேசிய விருதும் பெற்றது. யாரோ தொலைக்காட்சியிலிருந்து பதிந்து, பிரதியெடுத்துப் பிரதியெடுத்துத் தேய்ந்துபோன ஒரு தட்டுத்தான் எங்களிடம் வந்தது. மனைவியை இழந்த ஒரு கிழவர் கிராமத்திலிருந்து பட்டணத்தில் இருக்கும் பெறாமகன் வீட்டுக்கு வருகிறார். வீடு சின்னது, வருமானம் குறைவு, மருமகள் பிள்ளைத்தாச்சி. யாரும் கெட்டவர்கள் அல்லர். சோறு காணாது, இடம் காணாது, அவ்வளவுதான். கடைசியில் அவர் முதியோர் இல்லம் ஒன்றுக்குப் போய்ச் சேர்கிறார். சொக்கலிங்க பாகவதர் என்ற பழைய நாடக நடிகர் கிழவராக நடித்தார். நடித்தார் என்றே சொல்ல வரவில்லை. மருமகள் அர்ச்சனா.

அம்மம்மாவும் எங்களோடு இருந்து பார்த்தா. எண்பது வயது. மூன்று இடப்பெயர்வுக்குப் பிறகு மாமா வீட்டில், விறாந்தையில் ஒரு சாக்குக் கட்டிலில் இருந்தவ. மாமாவுக்கு நாலு பிள்ளைகள், தகரக் கொட்டில். படம் முடியும்வரை ஒரு சொல்லும் பேசவில்லை. முடிந்தபிறகு சொன்னா: "உந்த மனிசனுக்கு இருக்க ஒரு மூலை இல்லாமல் போச்சு. அந்தப் பெட்டைதான் என்ன செய்யும்?" இரண்டு வசனம். படத்தின் மீது எழுதப்பட்ட விமர்சனங்கள் பலவற்றைப் பிறகு படித்தேன். கிழவருக்காகவும் மருமகளுக்காகவும் ஒரே மூச்சில் இரங்கியது அம்மம்மா ஒருத்திதான். மாமி அடுப்படிக்குள் எழும்பிப் போனா. எதற்கென்று எனக்குத் தெரியும்.

2008இன் கடைசியில் தருமபுரத்தில் ஒரு தறப்பாளின் கீழ் அம்மம்மா செத்தா. மழைக்காலம், தறப்பாளின் நனையாத மூலையை மாமி அவவுக்கு விட்டிருந்தா.

2005இல் கிளிநொச்சியிலிருந்து தமிழீழத் தேசியத் தொலைக்காட்சி என்ற நிலையமே தொடங்கியது. படம் எடுக்கும் திறமை வளர்ந்தது. கமரா நல்லது, வெட்டி ஒட்டுவதும் நல்லது. நான் காத்திருந்த படம் மட்டும் வரவில்லை. அந்தக் கடைசி ஆண்டுகளில் வீட்டுக்கொரு பிள்ளை என்று பிடித்துக்கொண்டு போனார்கள். பிள்ளையைக் கொடுத்த தாயைப் பற்றிப் படங்கள் இருந்தன. பிள்ளையை ஒளித்துவைத்த தாயைப் பற்றி ஒன்றும் இல்லை. அவள் ஒவ்வோர் ஒழுங்கையிலும் இருந்தாள். இரவில் நாய் குரைத்தால் திடுக்கிட்டு எழும்பினாள். ஒரு வீட்டுக்குள், ஒரு இரவில், இரண்டு முகங்களை வைத்து எடுக்கக்கூடிய கதை. சின்னத்திரைக்கு அதைவிடப் பொருத்தமானது வேறென்ன? எடுத்திருக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால், அப்போது அதை யோசிக்கக்கூட நான் துணியவில்லை. என் அபிப்பிராயத்தின் குறை அது.

2009 மே மாதத்தோடு அந்தப் படங்களும் போயின. கசெற்றுகளைச் சனம் பதுங்குகுழிகளில் புதைத்தது, கிணற்றில் போட்டது, எரித்தது. முகாமுக்குப் போகிறவன் கையில் அது இருப்பது ஆபத்து. வெளிநாடுகளில் சில பிரதிகள் தப்பின. 'வீடு', 'சந்தியா ராகம்' போன்ற தன் படங்களின் மூலச்சுருள்கள் அழிந்துபோனதாகப் பாலு மகேந்திராவே 2014இல் இறப்பதற்கு முன் வருந்தியிருக்கிறார். குண்டு விழாத சென்னையிலும் அப்படி. அப்படியிருக்க, எங்கள் வீடியோக்களுக்காக அழுவது எனக்குச் சற்றுக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும், அவற்றில் இருந்த துலாவும் குளக்கட்டும் பேச்சும் இனி வராது. குறை சொல்லுவதற்கென்றாலும் அவை இருக்கவேண்டும்.

2011 ஜூனில் கொக்காவிலில் புதிய கோபுரம் திறந்தார்கள். 174 மீற்றர் உயரம். அன்றைக்கு நாட்டிலேயே உயர்ந்தது என்றார்கள். இப்போது வீட்டுக்கு வீடு டிஷ் இருக்கிறது. அதற்குள் சென்னையின் நெடுந்தொடர்கள். ஒரு கதையை ஒன்றரை மணித்தியாலத்தில் சொல்லி முடிக்கிற தொலைக்காட்சிப் படத்தை, ஒருபோதும் முடியாத தொடர் விழுங்கிவிட்டது. என் மாணவிகள் சண்டை பிடிக்கும்போது சென்னை மாமியார்களின் தமிழில் சண்டை பிடிக்கிறார்கள். அதைத் திருத்துவதை விட்டுவிட்டேன்.

போன தவணையில் உயர்தர வகுப்புக்குச் 'சந்தியா ராக'த்தைப் போட்டுக் காட்டினேன். முடிந்தபின் என் ஆசிரியரின் கேள்வியையே பலகையில் எழுதினேன்: எந்த இடத்தில் நெளிந்தாய்? பாதிப் பேர் மெதுவாகப் போகிறது என்று எழுதியிருந்தார்கள். சந்தோஷம், உண்மை அது. ஒரு பிள்ளை ஒன்றும் எழுதவில்லை. மணி அடித்து எல்லோரும் போனபிறகு மேசைக்குக் கிட்ட வந்தா. கைக்குழந்தையாக முள்ளிவாய்க்காலைக் கடந்தவள்.

"சேர், எங்கட பெரியண்ணாவை அம்மா மூண்டு மாதம் கிடங்குக்குள்ள ஒளிச்சு வைச்சவவாம். மேல தண்ணிப் பீப்பா வைச்சு மூடி. அப்பிடி ஒரு படம் இருக்கா?"

நான் பார்த்ததில்லை என்றேன்.

"அண்ணா இப்பவும் லைற் நிப்பாட்டிப் போட்டுப் படுக்கமாட்டார்" என்று சொல்லிவிட்டுக் கொப்பியை எடுத்துக்கொண்டு போனா.